காரணம் எழுதும் கட்டம்

1

இந்தத் தடவை என்ன எழுதப் போகிறாள்? கதவு இரண்டு முறை வந்துவிட்டது. பேருந்து நெரிசல் ஒரு முறை. குழந்தை பிடித்து இழுத்தது என்று எழுத முடியாது, வீட்டில் குழந்தை இல்லை. மாடிப்படி நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாதே, பாவம், இவள் என்னதான் செய்வாள்?

அக்கா இப்படி நினைத்துக்கொண்டு கண்ணாடிக் கடையின் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இல்லாத அவள் கண்ணுக்கு எதிரே நின்ற தங்கை வெறும் வெள்ளைக் கோட்டு. கோட்டுக்கு நடுவில் நீலமாக ஒன்று அசைந்தது. பேனாவாக இருக்கும்.

இந்தக் கதைக்கு நான்கு தொடக்கங்கள் எழுதினேன். இது நான்காவது. முதல் மூன்றும் என்னுடையவை, அதனால்தான் கிழித்தேன். இது அக்கா கொடுத்தது. ஒரு நாள் என் வீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே, "அந்தச் சின்னு பேனாவ எடுத்ததும் என் மனசுல என்ன ஓடும் தெரியுமா?" என்று ஆரம்பித்து, சொல்லி முடித்து, அவளே சிரித்தாள். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். ஒருவர் மனதுக்குள் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு நுழைந்தது இதுதான் முதல் தடவை.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, சாமர்த்தியமாக, வாசகருக்குத் தெரியாமல் ஊட்ட வேண்டும் என்பார்கள். எனக்குச் சாமர்த்தியத்தின் மேல் இப்போது நம்பிக்கை போய்விட்டது. ஏன் என்பது மூன்றாம் பகுதியில் வரும்.

அக்கா, என் கணவருக்கு அக்கா. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. சீட்டைப் பார்த்து மருந்து எடுத்து, காலை, மதியம், இரவு என்று உறைமேல் எழுதிக் கொடுப்பவள். பார்வை மைனஸ் ஏழு. கண்ணாடி இல்லாவிட்டால் மாத்திரை அட்டையை மூக்கில் இடிக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்தால்தான் பெயர் தெரியும். அதனால் கண்ணாடி உடைந்தால் அடுத்த நாள் வேலைக்குப் போவதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

சின்னு, என் கணவருக்குத் தங்கை. வீட்டுக்குக் கடைசி. கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துவது, நிமிர்த்துவது, பழுது பார்ப்பது எல்லாம் அவள் கையில். அவள் கடையில் பழுதுக்கு வரும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஓர் அட்டை போடுவார்கள். தேதி, பவர், ஃபிரேமின் எண். கடைசியில் ஒரு கட்டம்: காரணம். எப்படிக் கெட்டது என்று தெரிந்தால்தான் எப்படி நிமிர்த்துவது என்று தெரியும் என்பாள் சின்னு. மற்றவர்கள் அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். இவள் ஒழுங்காக நிரப்புவாள்.

அவளுக்குக் கேட்கவே தேவையில்லை என்பது வேறு விஷயம். ஃபிரேமைக் கையில் எடுத்ததும் சொல்லிவிடுவாள். மேலே உட்கார்ந்துவிட்டால் இரண்டு காதுக் கம்பியும் ஒரே மாதிரி விரியும். கீழே விழுந்தால் கம்பிக்கு ஒன்றும் ஆகாது, கண்ணாடியின் ஓரத்தில் சில்லு பெயரும். போட்டுக்கொண்டே தூங்கினால் நடுவில் வளையும். இடது கம்பி உள்பக்கம் ஒடுங்கி, மூக்கைத் தாங்கும் இடது திண்டு நசுங்கி, வலது கம்பி வெளியே பிய்ந்துகொண்டு வந்தால், போட்டிருந்தவருக்கு எதிரே நின்ற ஒருவர் தன் வலது கையால்

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. சின்னுவும் என்னிடம் இங்கேதான் நிறுத்தினாள்.]

அக்காவின் பெயரில் ஒன்பது வருடத்தில் பதினோரு அட்டைகள். பதினொன்றும் இடது கம்பி. காரணம் என்ற கட்டத்தில் சின்னுவின் குண்டு குண்டான கையெழுத்து: கதவு. கீழே விழுந்தது. பேருந்தில் இடி. மீண்டும் கதவு. அலமாரிக் கதவு. (பாருங்கள், வேறுபாடு காட்ட முயன்றிருக்கிறாள்.)

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்கா ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. பதினோரு முறையும் உடைந்ததை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். காரணம் எழுதியது தங்கை.

3

என் பங்கு.

ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க வந்திருந்தார்கள். அக்காவும் வந்தாள். இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போய், ஓரத்தில் மஞ்சள் படர்ந்திருந்தது.

"ஐயையோ, என்னம்மா ஆச்சு?" என்றார் பக்கத்து வீட்டம்மா.

அத்தை, அதாவது என் மாமியார், காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். என் கணவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

"அதை ஏன் கேக்கறீங்க," என்றேன் நான். "பரண்மேல இருந்து சூட்கேஸ இறக்கப் போனாங்க. பாதியில பிடி பிய்ஞ்சுடுச்சு. அதுக்குள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? பழைய இஸ்திரிப் பெட்டி! இஸ்திரிப் பெட்டிய யாராவது சூட்கேஸ்ல வச்சுப் பரண்ல ஏத்துவாங்களா? எங்க வீட்ல ஏத்துவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையின் கை தட்டு அடுக்குவதை நிறுத்தியது. என் கணவர் ஜன்னலைவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த இஸ்திரிப் பெட்டி கதைக்குத் தேவையே இல்லை. தேவையில்லாத பொருள் ஒன்று உள்ளே கிடந்தால்தான் கேட்பவர்கள் நம்புவார்கள். இது என் தொழில். அடுத்து வந்த வருடங்களில் அந்த சூட்கேஸ் எங்கள் குடும்பத்தில் நிஜமாகவே விழுந்துவிட்டது. "சூட்கேஸ் விழுந்துச்சே, அதுலேர்ந்தே அவளுக்குத் தலைவலிதான்" என்று அத்தை யாரிடமோ சொன்னதை நானே கேட்டேன். அச்சில் வந்த என் கதைகளைவிட அதிகம் பேரைப் போய்ச் சேர்ந்த கதை அது. பாராட்டு வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நன்றி என்று படித்துக்கொண்டேன். இந்தக் கதைக்காகப் பேசியபோது கேட்டேன்.

"நன்றியா?" என்றாள். "பயந்துபோயிட்டேன். இவ்வளவு நல்லா பொய் சொல்றவ வீட்டுக்குள்ளயே இருக்கா. இனிமே நான் உண்மையச் சொன்னா எவன் நம்புவான்னு."

4

அடுத்தது அவர், அக்காவின் கணவர்.

முதல் வரைவில் அவர் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்திருந்தேன். அவர் குடிப்பதில்லை. வாசகர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கொடுத்தேன். இரண்டாவது வரைவில் பாட்டிலைப் பிடுங்கிவிட்டு அலுவலகத்தில் ஒரு மோசமான மேலதிகாரியை வைத்தேன். மூன்றாவதில் அவருக்கு ஒரு கொடுமைக்கார அப்பா. எழுதிக்கொண்டே போனபோது, அந்தச் சின்னப் பையனுக்காக எனக்குக் கண் கலங்கியது. பேனாவைக் கீழே வைத்தேன். நானும் அட்டையைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் நல்ல தமிழில்.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் ஸ்பேனரோடு முதலில் வந்து நிற்பவர். எனக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டபோது கொடுத்தவர். நகைச்சுவையாகப் பேசுவார், அவர் வந்தால் வீடு கலகலப்பாகிவிடும். எனக்கு அவர் அண்ணன் முறை. வாய் நிறைய அண்ணா என்றுதான் கூப்பிட்டேன், பொய்யாகவும் கூப்பிடவில்லை. இவரும் இடது கம்பியை ஒடுக்கியவரும் ஒரே ஆள். இரண்டையும் ஒரே பத்தியில் வைத்தால் நம்பும்படி இல்லை என்று என் பதிப்பாசிரியர் சொல்லக்கூடும். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

அவர் கையை ஓங்கியபோது அக்கா

அவர் கை ஓங்கியது. சுவரோடு சாய்ந்த அக்கா

இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன், எங்கே நின்றேன் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்று. நான் பார்த்ததில்லை. எங்களில் யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு கவனமாக இருந்தோம். தவிர, அக்கா போட்ட நிபந்தனை:

"அடி என்னோடது. அதை நீ எழுதாத. எப்போ சொல்லணும், யார்கிட்ட சொல்லணும்னு எனக்குத் தெரியும். அடிச்சதுக்கப்புறம் நீங்கல்லாம் என்ன பண்ணீங்களோ, அதை எழுது."

5

நாங்கள் என்ன செய்தோம் என்றால், உடையாத ஃபிரேம் ஒன்று வாங்கிக் கொடுத்தோம்.

இதைச் செய்ததும் சின்னுதான். கண்ணாடி வேலை தெரிந்த ஒருத்திக்குத்தான் இந்தப் பிழை செய்ய வரும். பதினோராவது அட்டையை எழுதி முடித்த அன்று, ஃபிரேம் கொண்டுவந்து போடும் விற்பனைப் பிரதிநிதியிடம் சொல்லி, வளைத்தால் தானே நிமிர்ந்துகொள்ளும் உலோகத்தில் ஒன்று வரவழைத்தாள். அவள் கொண்டாட்டத்தைப் பார்க்க வேண்டுமே! அக்காவின் முன்னால் அதை விரலில் சுற்றிக் காட்டினாள். முறுக்கினாள். மேசையில் அடித்தாள். விட்டதும் ஒன்றும் நடக்காததுபோல் நேராக நின்றது.

"இனிமே உனக்குக் கவலையே இல்லக்கா. கண்ணாடியும் உடையாத ரகமாப் போட்டுட்டேன். ஏறி மிதிச்சாத்தான் போகும்."

அக்கா போட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இதே மாதிரி மூக்கும் வச்சிருக்கியா?"

"போக்கா," என்று சின்னு விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள்.

[அன்றைக்கு ஒருத்தி உண்மையைச் சொன்னாள், ஒருத்தி அதை வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டாள். நான் இதை எழுதிக் காட்டியபோது சின்னு கடையின் பின்கட்டுக்குப் போய், ஃபிரேமை வளைக்கச் சூடுபண்ணும் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு, எதையும் சூடுபண்ணாமல் வெகுநேரம் நின்றாள்.]

அதன்பின் மூன்று வருடம் அக்கா பெயரில் அட்டை விழவில்லை. அட்டை இல்லையென்றால் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டோம். "எல்லாம் வயசானா சரியாப் போயிடும்," என்றார் அத்தை, எதைப் பற்றி என்று சொல்லாமல். நாங்களும் எதைப் பற்றி என்று கேட்காமல் தலையாட்டினோம்.

6

அத்தைக்கு எழுபது வயது நிறைந்த அன்று எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. மூன்று மணிக்கு ஒரு புகைப்படக்காரப் பெண்ணை வரச் சொல்லியிருந்தோம். அத்தையின் தங்கை, என் கணவருக்குச் சித்தி, வெளியூரிலிருந்து வந்திருந்தார். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வருபவர். எங்கள் வீட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. இந்தக் கதையே அவருக்குத் தெரியாமல் போனதால்தான் நடந்தது.

அக்காவின் கணவர் முன்னாடியே வந்து, குழாயைப் பார்த்துச் சரிசெய்து, நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு, சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். அக்கா காலை முறை வேலை முடிந்து நேராக வந்தாள்.

இடது பக்கக் கண்ணாடியில் குறுக்கே விரிசல். இடது கம்பி சேரும் இடத்தில், காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரி நாலு சுற்று. மருந்தகக்காரி அல்லவா, சுத்தமாகச் சுற்றியிருந்தாள்.

சின்னு கையில் இருந்த தண்ணீர்ச் செம்பை மேசைமேல் வைத்தாள். அவள் கண் ஃபிரேமைவிட்டு நகரவில்லை. மெதுவாக என்னிடம், "அண்ணி, அது கையால போனதில்ல," என்றாள்.

எல்லோரும் உட்கார்ந்தோம். பரிமாறினோம். விரிசல் விழுந்த கண்ணாடியைப் பார்க்காமல் அக்காவுக்கு எப்படிச் சோறு போடுவது என்று அத்தை ஒருவருக்குத்தான் தெரியும், அவர்தான் போட்டார்.

"ஏண்டி," என்றார் சித்தி, வாயில் சோற்றோடு. "கண்ணாடிக்கு என்ன கேடு? ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறவ தங்கச்சியா இருக்கா, நீ பிளாஸ்திரி போட்டுட்டுத் திரியறியே."

அக்காவின் கணவர் சிரித்தார். "கண்ணு தெரியாததால கண்ணாடிய ஒடைக்கறா. கண்ணாடி ஒடைஞ்சதால கண்ணு தெரியல. நான் எந்தப் பக்கமிருந்து ரிப்பேர் பண்றது சித்தி, நீங்களே சொல்லுங்க."

சிரித்தோம். நானும் சிரித்தேன். எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன், விடவில்லை.

"அது சரி மாப்பிள்ளை, எப்படித்தான் ஒடைஞ்சது?" சித்தி விடவில்லை.

அத்தை என்னைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். கடைசியில் அக்காவின் கணவரும் என்னைப் பார்த்தார், பிரியமாகவே. "நீ சொல்லும்மா. நீதான் நல்லாச் சொல்லுவ."

என்னிடம் கதை தயாராக இருந்தது. இதைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரி, மருந்துப் பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டி, வண்டியின் ஒரு சக்கரத்தில் சிக்கிக்கொண்ட ரப்பர் கையுறை. அந்தக் கையுறையின் நிறம்கூட வந்துவிட்டது. நாக்கு நுனியில் நின்றது. எனக்கு எதிரே விரிசலுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நன்றியும் இல்லை, பயமும் இல்லை. இந்தத் தடவை என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தது, அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியாது சித்தி," என்றேன். "அக்காவ கேளுங்க."

ஒன்பது வருடமும் மூன்று வருடமும் பன்னிரண்டு. பன்னிரண்டு வருடத்தில் யாரும் சொல்லாதவை அந்தக் கடைசி இரண்டு சொற்கள். எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அதற்கு எடுத்துக்கொண்ட நேரம்தான் உறைக்கிறது.

சித்தி அக்கா பக்கம் திரும்பினார். "சொல்லுடி."

அக்கா தட்டின் ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"முகத்துல இருந்து எடுத்தாரு சித்தி. கீழ போட்டாரு. வளைஞ்சுது, ஒடையல. அப்புறம் ஷூவப் போட்டுட்டு வந்து மிதிச்சாரு."

"யாரு?"

"உங்க பக்கத்துல இருக்காரே."

அக்காவின் குரலில் சீட்டு வாசிக்கும் தொனிதான் இருந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.

"பாத்தீங்களா, கதை சொல்றது இப்ப இவளுக்கும் ஒட்டிக்கிச்சு," என்று அவர் சிரித்துச் சுற்றிலும் பார்த்தார். அந்தச் சிரிப்பு மேசையைச் சுற்றி வந்தது. எங்கேயும் உட்கார இடம் கிடைக்காமல் அவரிடமே திரும்பிப் போனது.

"சிரிக்காதீங்க மாப்பிள்ளை," என்றார் சித்தி. தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, மேசையைச் சுற்றிவந்து, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

"அது விழுந்து ஒடையற ஃபிரேம் இல்ல அத்தான்," என்றாள் சின்னு. "நான்தான் வாங்கிக் குடுத்தேன். எனக்குத் தெரியும். முன்னாடி ஒடைஞ்ச பதினொண்ணும் எனக்குத் தெரியும்."

அவர் கையைக் கழுவினார். ஒரு வேலை இருக்கிறது என்றார். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. யாரும் வழியனுப்ப எழுந்துபோகவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்.

மூன்று மணிக்குப் புகைப்படக்காரப் பெண் வந்தாள். வாசல் பக்கத்து அறையில் எங்களை நிறுத்தி, உட்காரவைத்து, கேமராவுக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அந்தக் கண்ணாடி போட்ட மேடம், ஒரு நிமிஷம் கழட்டிக்கறீங்களா? கீறல் பளிச்சுன்னு அடிக்குது."

"கழட்டிடேண்டி," என்றார் அத்தை, கெஞ்சலாக. "போட்டோவுக்கு மட்டும். நாளைக்குப் பாக்கறவங்க என்னன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமேம்மா," என்றாள் அக்கா. "கழட்டினா எனக்கு உங்க யாரையும் தெரியாது. இதோடயே எடுக்கட்டும்."

என் கணவர் கோடியில் இருந்த தன் நாற்காலியைத் தூக்கிவந்து அக்காவின் இன்னொரு பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் போகாமல் அவர் செய்த முதல் காரியம்.

[படம் என் மேசைமேல் இருக்கிறது. எல்லோர் முகமும் விறைத்துக்கொண்டு, செலவுக் கணக்கு கேட்கப்பட்டவர்கள் மாதிரி இருக்கிறது. ஒரு முகம் மட்டும் சாதாரணமாக இருக்கிறது.]

பாத்திரம் கழுவும்போது அத்தை எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கழுவி வைத்த தட்டுகளைத் துடைத்து அடுக்கினார். பிறகு, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி, "எனக்குக் கண்ணாடி கிடையாதும்மா," என்றார். "அதனால எங்க காலத்துல ஒண்ணும் ஒடையல."

இதற்கு ஒரு தனிக் கதை எழுதலாம். அத்தையிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

7

முடிவுகள்.

மூன்று எழுதி அக்காவிடம் கொடுத்தேன். மருந்தகத்தில் காலாவதியான மருந்துகளைக் குறிக்கும் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

முதல் முடிவு: அக்கா அதே மாலை தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு, ஒரு கையில் சூட்கேஸோடு தெருவில் இறங்கி நடக்கிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஓரத்தில் அக்கா: மறுபடியும் சூட்கேஸா?

இரண்டாவது: அவர் திரும்பி வருகிறார். குடும்பத்தின் முன்னால் அழுகிறார். இனிமேல் இல்லை என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிறார். ஓரத்தில்: இது ஏற்கெனவே நடந்திருக்கு. நாலு தடவை. நீங்க யாரும் இல்லாதப்போ.

மூன்றாவது: குடும்பமே திரண்டு அக்காவுக்குப் பின்னால் நிற்கிறது, அத்தை முதல் ஆளாகக் காவல் நிலையத்தின் படி ஏறுகிறார். ஓரத்தில்: சித்தியை நல்லா எழுதியிருக்க. மத்தவங்க இவ்வளவு வேகமா ஏறலையே. எனக்கே மூச்சு வாங்குச்சு.

"அப்போ நீயே சொல்லுக்கா. எப்படி முடிக்கட்டும்?"

"எதுக்கு முடிக்கணும்? நான் இன்னும் இருக்கேன்ல."

அன்றைக்குப் பிறகு என்ன நடந்தது, யார் யாரிடம் போனோம், எந்தப் படிகள் ஏறினோம், அக்கா இப்போது எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். கதையை உங்களைப் போலவே அவரும் படிப்பார்.

அண்ணா, படித்துக்கொண்டிருந்தால் ஒன்று மட்டும். நீங்கள் ஏன் இப்படி ஆனீர்கள் என்று சொல்லும் இடம் இந்தக் கதையில் காலியாக இருக்கிறது. மறந்துபோய் விடவில்லை. நிரப்பிக் கொடுக்க இந்த வீட்டில் இனி ஆள் இல்லை.

மற்றவர்களுக்கு: மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நான்காவது ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் உங்களைத் தடுக்கப் போவதில்லை. உங்கள் வீட்டு மேசையில் யாராவது உடைந்த எதையாவது வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால்

[இதையும் முடிக்கவில்லை. அறிவுரை மாதிரி இருக்கிறது என்றாள் சின்னு.]

8

ஐந்து மாதம் கழித்து, கண்ணாடிக் கடையில். நானும் கூட இருந்தேன். அதனால் இந்தத் தடவை கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

அக்கா அதே உயரமான நாற்காலியில். பிளாஸ்திரி சுற்றிய பழசை இத்தனை நாளும் அவள் மாற்றவில்லை, வலது கண்ணாலேயே சீட்டு வாசித்தாள். சின்னு எத்தனையோ முறை கேட்டும் தரவில்லை. இப்போதுதான் புதிது எடுக்க வந்திருக்கிறாள். பதினோரு பழைய அட்டைகளும் மேசைமேல் ஒரு ரப்பர் பேண்டுக்குள் இருந்தன. காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்ததையெல்லாம் சின்னு ஒற்றைக் கோடு போட்டு அடித்திருந்தாள். அடித்தது தெரியும்படி, ஆனால் கீழே இருப்பதும் வாசிக்கும்படி.

அக்கா கண்ணாடி அலமாரியில் மேலிருந்து இரண்டாவது வரிசையைக் காட்டினாள். "அது."

சின்னு எடுத்துக் கொடுத்தாள். சுற்றிலும் ஃபிரேமே இல்லாத வகை. வெறும் கண்ணாடியில் துளை போட்டு, நூல் போன்ற இரண்டு கம்பிகளை மாட்டியிருந்தார்கள். கையில் வைத்தால் எடையே இல்லை.

"இதாக்கா? உன் பவருக்கு ஓரம் தடிமனாத் தெரியும்."

"தெரியட்டும்."

"ரொம்ப மெல்லிசுக்கா. துளை போட்ட இடத்துலயே விட்டுடும். லேசாப் பட்டாப் போதும்." சின்னு குனிந்து கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். முன்பு கொடுத்த அதே உலோகம், புதிய வடிவம், இன்னும் கெட்டி. பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். இந்தத் தடவை விரலில் சுற்றிக் காட்டவில்லை. "எதுக்கும் இத எடுத்துக்கயேன். எனக்காக. எனக்கு நிம்மதியா இருக்கும். அது தாங்காதுக்கா."

"எதைத் தாங்கணும்?" என்றாள் அக்கா.

சின்னு என்னைப் பார்த்தாள். நான் ரப்பர் பேண்டுக்குள் இருந்த அட்டைகளைப் பார்த்தேன்.

அக்கா பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த மெல்லியதைப் போட்டுக்கொண்டாள். பவர் இல்லாத மாதிரிக் கண்ணாடி என்பதால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எதிரே இருந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து, இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மேசைமேல் கையால் தடவி, திறந்திருந்த பெட்டியைக் கண்டுபிடித்து, அதன் மூடியை மூடி, தங்கையின் பக்கம் மெதுவாகத் தள்ளினாள்.

"வேண்டாம் சின்னு."